மீன் தராசில் எடை போட்ட புத்தகங்கள்

என் தம்பி ஆர்லோ போன அக்டோபரில் இறந்தான். அவன் அறையைக் காலி செய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. படகைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். தூண்டில்களை அவன் நண்பன் டுவெயின் எடுத்துக்கொண்டான். புத்தகங்களை மட்டும் யாரும் சீண்டவில்லை. முப்பத்தொரு வருடம் நான் வேலை பார்த்த கிரானைட் பே நூலகத்துக்கே போன் செய்து கேட்டேன். எடுத்தவள் நான் வேலை பழக்கிவிட்ட பெண்.

"கம்ப்யூட்டர் புத்தகமா, தோரா? எந்த வருஷம்?"

"தொண்ணூத்தொம்பது."

அவள் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. "பழைய பேப்பர் போடற தொட்டி வெளியிலயே இருக்கு, தெரியுமில்ல?"

அந்தத் தொட்டியை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான்.

ஆகவே புத்தகங்கள் இன்னும் இங்கேயே இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்பதை எழுதி வைக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வீட்டைக் காலி செய்ய வருகிறவர், குடிநீர்க் குழாய்களைப் பற்றிய புத்தகம் ஒன்று ஏன் இவற்றின் நடுவில் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

ஆர்லோ பத்தொன்பது வருடமாகப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஏரியின் விரிகுடாவைச் சுற்றி ஏழு பள்ளிக்கூடங்கள். ஏழின் கூரைக்குள்ளும் அவன் தவழாத இடம் கிடையாது. 1999 பிப்ரவரி நடுவில் அவனுடைய மேலதிகாரி ரொஷெல் மாக்கி அவனைக் கூப்பிட்டார். ஏழு பள்ளிகளையும் புதிய நெட்வொர்க்கில் இணைக்கப் போகிறார்கள். மினியாபொலிஸிலிருந்து ஒரு கம்பெனி திட்டம் கொண்டு வருகிறது. அவர்கள் வந்தால் அவர்களுடைய ஆட்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ஆர்லோவின் வேலை ஜூனோடு முடிந்துவிடும்.

"ஏப்ரல் பதிமூணு ஸ்கூல் போர்டு மீட்டிங். நீயும் ஒரு திட்டம் கொண்டு வா," என்றாராம். "ஆனா ஒண்ணு. கேபிள் இழுக்கறது வேற, டிசைன் பண்றது வேற. படிச்சுட்டு வா."

அன்று சாயங்காலம் அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றான்.

"அக்கா, எனக்குப் புத்தகம் வேணும்."

நான் சூப்பைக் கலக்குவதை நிறுத்திவிட்டேன். என் நூலகத்துக்கு அவன் அதுவரை ஆறு முறை வந்திருந்தான். ஆறு முறையும் கூரைக்குள்.

"என்ன புத்தகம்டா?"

"நெட்வொர்க் டிசைன். எட்டு வாரத்துல கத்துக்கணும்."

நான் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிறவள். எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மூன்று நாளில் அறுபத்திரண்டு தலைப்புகள் கொண்ட பட்டியலைத் தட்டச்சு செய்து அவன் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அவன் அதை மேலிருந்து கீழே பார்த்தான், திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தான்.

"இதுல எது நல்லது?"

"படிச்சாத்தான் தெரியும்."

"படிக்காம தெரிஞ்சுக்க வழியே இல்லையா? இத்தனை வருஷமா அங்க உக்காந்து என்னதான் பண்ற?"

வழி இருந்தது. அது டுவெயினிடம் இருந்தது. டுவெயின் பெல்கி அதே அலுவலகத்தில் பிரிண்டர் பழுது பார்க்கிறவன். பனிக்காலம் முழுக்க ஆர்லோவோடு உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்காக உட்கார்ந்திருப்பவன். எந்த விஷயத்திலும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். கேட்காமலே கிடைக்கும்.

"கனமா இருந்தா எழுதினவனுக்கு நிறைய தெரியும்னு அர்த்தம்," என்றான். "ஒல்லிப் புத்தகம் எழுதறவன் பாதியில ஓடிப்போனவன்."

சனிக்கிழமை மூவரும் டூலூத்தில் இருக்கும் பெரிய புத்தகக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. டுவெயின் கோட்டுப் பையிலிருந்து மீன் நிறுக்கிற கைத்தராசை எடுத்தான். ஒரு துணிப்பையில் புத்தகத்தைப் போட்டுக் கொக்கியில் மாட்டி முகத்துக்கு நேரே தூக்கினான்.

"நாலே முக்கால். அடுத்தவனைக் குடு."

ஆர்லோ அடுத்ததைக் கொடுத்தான்.

"அம்மாடி! ஆறு பவுண்டு! இவனைப் பிடிச்சிருந்தா பேப்பர்ல போட்டோ வந்திருக்கும்."

நான் இரண்டு அலமாரி தள்ளிச் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் நின்று, அவர்களை முன்பின் தெரியாதவள்போல் ஒரு கேக்கின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப்பெண் அவர்களிடம் போனாள். வெளியே அனுப்பிவிடுவாள், நல்லது என்று நினைத்தேன்.

"சார், அது மீன் தராசா?"

"ஆமாம்மா," என்றான் டுவெயின்.

"பையோட எடையைக் கழிச்சீங்களா?"

இந்த ஏரிக்கரையில் யாரிடமும் அடைக்கலம் தேட முடியாது.

மிகக் கனமான நான்கு வீட்டுக்கு வந்தன. ஆர்லோ ஆறு பவுண்டில் ஆரம்பித்தான். சாப்பாட்டு மேஜையில் உதடசைத்துப் படித்தான். முதல் முந்நூறு பக்கம் அட்டைப்பெட்டியிலிருந்து சாமானை எப்படி எடுப்பது என்று இருந்தது. கடைசி இருநூறு பக்கம் பரீட்சைக் கேள்விகள், விடையோடு. நடுவில் இருந்ததெல்லாம் கட்டளைகள்: இதைத் தட்டு, அது வரும், அதைத் தட்டு, இது வரும். மற்ற மூன்றும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்து அவனுக்கு, கேபிள்கள் வந்து சேர்கிற எந்த ஸ்விட்ச் பெட்டியையும் முடுக்கத் தெரிந்தது. எத்தனை பெட்டி, எந்தப் பள்ளிக்கூடத்தில், ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

"டிசைன்னு ஒரு அத்தியாயம் இருக்கு," என்றான். "ரெண்டு பக்கம். இதுக்கு அந்த நீலப் புத்தகத்தைப் பாருன்னு போட்டிருக்கு."

"அப்ப நீலத்தைப் பாரு."

நீலத்தை எடுத்தான். புரட்டினான். சிவப்பைப் பார்க்கச் சொன்னது. சிவப்பை எடுத்தான். அது பச்சையைச் சொன்னது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது அவன் கையில் மறுபடியும் ஆறு பவுண்டு இருந்தது, முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, இது லூப். சுத்திச் சுத்தி இங்கயே வந்துட்டேன். ரெண்டாவது தடவையா வந்திருக்கேன், கவனிக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. அவன் தொழிலில் அதுதான் பேய். கேபிள்களை வட்டமாகச் செருகிவிட்டால் ஒரு செய்தி உள்ளேயே சுற்றும். சுற்றச் சுற்றப் பெருகும். பள்ளிக்கூடம் முழுக்க நின்றுபோகும். அதற்காகவே அந்தப் பெட்டிகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு என்றான். பெட்டிகள் தமக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கும். தலைவனிடம் போகிற ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டு, வட்டம் போடுகிற மற்ற வழிகளை மூடிவிடும்.

"தலைவனை எப்படித் தேர்ந்தெடுக்கும்?"

"ஒவ்வொரு பெட்டிக்கும் பிறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. சின்ன நம்பர் எதுக்கோ அது தலைவன்." சொல்லிவிட்டுத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை வெறித்துப் பார்த்தான். "அக்கா, இங்க பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கே, என்ன?"

"நூலகப் பதிவு எண். எல்லாப் புத்தகத்துக்கும் உண்டு. முதல் ரெண்டு இலக்கம் வருஷம்."

"பிறக்கும்போதே போடறதா?"

"பிறக்கும்போதே."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மாறாக, பழைய அட்டவணைச் சீட்டுகள் ஒரு கட்டும் என் பின்னல் நூல் இரண்டு உருண்டைகளும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டினான். எது எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதற்கு நூல் கட்டினான். எதையெல்லாம் பார்க்கச் சொன்னதோ அவற்றின் பின்பக்க நூற்பட்டியல்களையும் நான் வரவழைத்துக் கொடுக்க, சுவரில் நூற்றுப் பதினேழு சீட்டுகள் சேர்ந்தன. அம்மாவின் திருமணப் படத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்று வாரம் இதிலேயே போயிற்று. பிறகு தேர்தல் நடத்தினான்.

கம்ப்யூட்டர் புத்தகங்கள் தொலைபேசி இணைப்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைச் சுட்டின. அது வேறொன்றைச் சுட்டியது. அது இன்னொன்றை. மிகச் சிறிய எண் இருபத்துநாலில் ஆரம்பித்தது. 1924. சிறு ஊர்களில் குடிநீர்க் குழாய் பதிப்பது எப்படி என்ற புத்தகம்.

"ஏண்டா, அப்ப வயசான ஆள்தான் தலைவனா?"

"வயசு இல்ல அக்கா. சின்ன நம்பர்."

"அதைத்தானே சொல்றேன்."

டுவெயின் வந்து சுவரைப் பார்த்தான். நூலைத் தொடர்ந்துகொண்டே போய் மூலையில் இருந்த அந்தச் சீட்டைப் படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான்.

"டேய் ஆர்லோ! நடுநிலைப் பள்ளில நடந்தது மறந்துபோச்சா?"

ஆர்லோவின் காது சிவந்தது. நடுநிலைப் பள்ளியில் நெட்வொர்க் ஆமையாகிப்போய், எட்டு நாள் தேடி, கடைசியில் துப்புரவாளரின் அறையில் துடைப்பங்களுக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்விட்ச் பெட்டியைக் கண்டுபிடித்தவனே இவன்தான். தேர்தலைத் தானாக நடக்க விட்டதால், இருப்பதிலேயே பழசும் மந்தமுமான அது தலைவனாகிப் பள்ளிக்கூடத்தின் பாரம் முழுவதையும் தன் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. தலைவனை நாம்தான் கையால் நியமிக்க வேண்டும், பெட்டிகளிடம் விடக் கூடாது என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதே தப்பை இப்போது புத்தகங்களை வைத்துச் செய்து முடித்திருந்தான்.

"மூணு வாரம்தான் இருக்கு," என்றான் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் நான் அந்தப் புத்தகத்தை வெளியூர் நூலகக் கடனில் கேட்டிருந்தேன். வடக்கு டகோட்டாவில் ஒரு கல்லூரியிலிருந்து வந்தது. கடைசியாக எடுத்துப் படித்தவர் 1951இல் எடுத்திருந்தார். நூற்றெண்பது பக்கம். டுவெயின் கொக்கியில் மாட்டினான். முள் அசைந்ததா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது சட்டப்படி வச்சுக்கக் கூடாத சைஸ். திருப்பி ஏரியிலதான் விடணும்."

ஆர்லோ விடவில்லை. வேறு எதைப் படிப்பது என்று தெரியாததால் அதைப் படித்தான். முதல் அத்தியாயத்தில் குழாயே இல்லை. குழாய் பதிக்கப் போகிறவன் முதலில் ஊரை மூன்று நாள் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, எப்போது தண்ணீர் எடுக்கிறீர்கள், எவ்வளவு, யாருக்கு என்று கேட்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஊரே துணி துவைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாதவன் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

முதலில் அவன் என்னிடம்தான் ஒத்திகை பார்த்தான். சீட்டும் பென்சிலுமாக வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கற?"

"இருபது வருஷமா ஒரே வீட்ல இருக்கடா."

"தெரியும். கேட்டு எழுதணும்னு போட்டிருக்கு. எந்திரிச்சு என்ன பண்ணுவ?"

"காபி போடுவேன். உக்காந்து குடிப்பேன். அப்புறம் நீ தடதடன்னு இறங்கி வந்து பனி, மீன், டுவெயின்னு ஆரம்பிப்ப. போதுமா?"

எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் ஏழு பள்ளிக்கூடங்களையும் நடந்தே சுற்றினான். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகக் கூரைக்கு வெளியே. சமையல்காரிகளிடம், செயலாளர்களிடம், உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டான். திரும்பி வந்தபோது சாப்பிட உட்காராமல் பேசினான்.

"அக்கா, காலைல எட்டு பத்துக்கு ஏழு ஸ்கூலும் ஒரே நேரத்துல வருகைப் பதிவு அனுப்பணும். எல்லாம் உயர்நிலைப் பள்ளி வழியாப் போகுது. சேர்ந்து அனுப்பினா அடைச்சுக்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது! ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"அந்தச் செகரட்டரிங்க ஏழு பேரும் தங்களுக்குள்ள போன்ல பேசி முறை வச்சிருக்காங்க. எட்டு பத்துக்கு நீ, எட்டு பதினாலுக்கு நான்னு. ஆறு வருஷமா! ஏன் எங்ககிட்ட சொல்லலைன்னு கேட்டேன். 'நீங்க எப்பவும் மேல கூரைல இருந்தீங்க, கூப்பிட்டா கேக்கல'ன்னு சொல்றாங்க."

அன்றைக்குப் பிறகு அவனுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டது. தராசும் வேண்டியிருக்கவில்லை, தேர்தலும் வேண்டியிருக்கவில்லை. என் நூலகத்தின் தரையில் உட்கார்ந்து, பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, உடைந்துபோனது எதையாவது பற்றி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். "எல்லாம் நல்லா நடக்கும்னு எழுதறவன் எதையும் கட்டினதில்ல," என்றான். மூன்று புத்தகங்கள் மிஞ்சின. அவற்றில் ஒன்று ஒரு பவுண்டுகூட இல்லை. குழாய்ப் புத்தகம், முக்கியக் குழாயை ஊரைச் சுற்றி வளையமாகப் போடு, உடைந்தால் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்றது. அந்த மூன்றும் அதையே சொல்லி, வளையத்தில் ஓரிடத்தை மூடியே வை, தேவைப்படும்போது தானாகத் திறக்கும் என்று கூடுதலாகச் சொல்லின. கனமான நான்கிலும்கூட அது இருந்தது என்று பிறகு கண்டுபிடித்தோம். எதற்கு என்று மட்டும் அவற்றில் இல்லை.

ஏப்ரல் பதின்மூன்று. கூட்டம் மாலை நாலரைக்கு. குழாய்ப் புத்தகத்தைத் திருப்ப வேண்டிய நாளும் அதுவே. தபால் நிலையம் ஐந்தரைக்கு மூடும். என் பெயரில் ஒரு புத்தகமும் அதுவரை ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை.

"குடுடா, போட்டுட்டு வந்துடறேன்."

"மாட்டேன். கையில இருக்கணும்."

"அதைப் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் கண்டுபிடிச்சதா சொல்லிக்க முடியாது இல்ல."

மினியாபொலிஸிலிருந்து வந்த பிரெஸ்டன் என்ற இளைஞர் திரையில் வண்ணப் படங்கள் காட்டினார். எல்லாக் கோடுகளும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பெரிய பெட்டிக்கு வந்தன. போர்டின் தலைவர் ஹால்வர் ட்வெய்ட்டுக்கு எண்பத்தொரு வயது. ஊர்க் குடிநீர் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் என்ற சொல் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்று ஊருக்கே தெரியும். மூடியிருந்தார்.

ஆர்லோ எழுந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் படித்தான், குழாயும் மண்வெட்டியுமாக. ரொஷெல் மாக்கி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஹால்வர் கண்ணைத் திறந்தார்.

"இரு. அது என்ன புத்தகம்?" பிறகு பிரெஸ்டன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மெயின் குழாய் உடைஞ்சா எத்தனை ஸ்கூல் வறண்டுபோகும்?"

"சார், இது தண்ணி இல்ல…"

"தெரியும். எத்தனை?"

பிரெஸ்டன் தன் படத்தைப் பார்த்தார். "ஏழும்."

"உனக்கு, ஆர்லோ?"

"ஒண்ணும் வறளாது. வளையமாப் போட்டிருக்கேன். ஒரு வால்வு எப்பவும் மூடியிருக்கும். எங்கயாவது உடைஞ்சா அது திறந்துக்கும்."

"யாரு போய் திறப்பா?"

"தானாத் திறக்கும். ஐம்பது செகண்ட்."

"நான் ஜனவரி மாசத்துல குழிக்குள்ள இறங்கித் திறந்திருக்கேன்டா," என்றார் ஹால்வர். பிறகு அவர் வால்வுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், எந்தப் பெட்டி தலைவன் என்று யார் முடிவு செய்வது என்றார்.

"நானே கையால வச்சுடுவேன்," என்றான் ஆர்லோ, இப்போது நன்றாகச் சூடு பிடித்திருந்தான். "விட்டா இருக்கறதுலயே பழசு எதுவோ அது போய் தலைவனா உக்காந்துக்கும். அதுக்கு ஒண்ணும் ஓடாது, ஆனா நகரவும் நகராது. எல்லாரும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்."

போர்டின் மற்ற ஆறு பேரும் ஹால்வரைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். டுவெயின் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினான். ஜன்னலுக்கு வெளியே தபால் நிலையத்தின் விளக்கு அணைவதைப் பார்த்தேன்.

"நியாயம்தான்," என்றார் ஹால்வர். "ஓட்டு எடுங்க."

ஐந்துக்கு இரண்டு. ஆர்லோவின் வேலை தங்கியது. ஹால்வர் அடுத்த மாதம் தலைமையை விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். ரொஷெல் வாசலில் ஆர்லோவைப் பிடித்து, "படிச்சுட்டு வான்னுதான் சொன்னேன்," என்றார். "எங்கம்மா பிறக்கறதுக்கு முன்னாடி வந்ததைப் படிப்பன்னு நினைக்கல."

மறுநாள் காலை முதல் வேலையாக மன்னிப்புக் கடிதத்தோடு புத்தகத்தை அனுப்பினேன். பத்து நாளில் அது திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு வருடத்தில் இதைக் கேட்ட ஒரே ஊர் உங்களுடையது, இதை எங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. ஆர்லோ கட்டிய வளையம் பதினோரு வருடம் ஓடியது. வேறு ஊர்களிலிருந்து போன் செய்து, என்ன புத்தகம் படிக்கலாம் என்று கேட்பார்கள். முதலில் போய் செகரட்டரியைப் பார் என்பான். ஆறு பவுண்டு, பனிக்கட்டியில் டுவெயின் உட்காரும் வாளிக்கு மேல் நெடுநாள் இருக்கையாக இருந்தது.

அந்த வசந்தத்துக்குப் பிறகு அவன் காலையில் சோம்பேறியாகிவிட்டான். நான் காபி போடும்போதே மாடியில் பலகை சத்தம் கேட்கும். எழுந்துவிட்டான் என்று தெரியும். ஆனால் ஆறேகாலுக்கு முன்னால் இறங்க மாட்டான். வேலை நிலைத்துவிட்டதும் உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்று இருபது வருடம் அவனைக் குத்திக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டு பனி, மீன், டுவெயின் என்று ஆரம்பிப்பான்.

அவன் இறந்த பிறகு, பழைய பேப்பர் தொட்டிக்குக் கொண்டுபோகப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியபோது குழாய்ப் புத்தகத்திலிருந்து ஒரு அட்டவணைச் சீட்டு விழுந்தது. அவனுடைய கோணல் பென்சில் எழுத்து.

"வீடு. அக்கா. 5.40 காபி. தனியா உக்காரணும். 6.15 வரை அந்தப் பக்கம் போகாதே."

புத்தகங்களை மறுபடியும் அலமாரியில் வைத்தேன். இப்போதும் ஐந்து நாற்பதுக்கு எழுந்து காபி போடுகிறேன். ஆறேகால்வரை உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்.